‘ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’

சொந்தக்காரர்களோ எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களோ “சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் வந்து பாரும்மா” என்று கூப்பிட்டால், நான் முதலில் திறப்பது விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தை. அநேகமாக எல்லாவற்றிலும் பச்சை டிக் இருக்கும். அதோடு விட்டுவிடக் கூடாது. வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸுக்குள் போய்க் கீழே இறங்கினால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்த ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று ஆண்டிவைரஸுக்குச் சொல்லிவைக்கும் இடம் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். ஆனால் சில வீடுகளில் சி டிரைவ் முழுவதுமே அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆண்டிவைரஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தினமும் அப்டேட் ஆகிறது, பச்சை டிக் காட்டுகிறது. அந்த டிரைவில் இருக்கும் எதையும் அது திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சி டிரைவை அந்தப் பட்டியலில் யார் சேர்த்தது? விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர், இல்லாவிட்டால் வீட்டுப் பையன், காசு கொடுக்காமல் மென்பொருளை ஓடவைக்கும் ஏதோ ஒரு ‘கிராக்’கை இன்ஸ்டால் செய்வதற்காக.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எப்படி வருகிறது என்று பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்கிறார்கள். அல்லது ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். பில் போடும்போது “விண்டோஸ், ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் போட்டுத் தந்துடறேன்” என்று கடையில் சொல்வார்கள். லைசென்ஸுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் ஆகும் என்றால் பிள்ளை படிப்புக்காக வாங்க வந்தவர் மலைத்துப்போவார். அதனால் கிராக். கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரியே, ‘ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’ என்பதுதான்.

இதில் எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், அந்த வரி முழுப்பொய்யும் இல்லை. இன்னொரு மென்பொருளின் லைசென்ஸ் பகுதியை ஏமாற்றித் திருத்துவதுதான் கிராக்கின் வேலை. வைரஸும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பதால் ஆண்டிவைரஸ் கூச்சல் போடத்தான் செய்யும். “அது சும்மா அப்படித்தான் காட்டும்” என்று கடைக்காரர் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் அந்தக் கூச்சலை அலட்சியம் செய்ய மக்களைப் பழக்கிவிட்டால், உண்மையிலேயே திருடும் மென்பொருளை உள்ளே அனுப்ப அதைவிட வசதியான வாசல் கிடையாது. கிராக்கின் வயிற்றில் இன்னொன்றை வைத்து அனுப்பினால் போதும். கதவைக் காக்க வேண்டியவரே, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுத்து, எக்ஸ்க்ளூஷன் பட்டியலிலும் சேர்த்துவிடுகிறார்.

இன்றைக்கு அப்படி வருவது பெரும்பாலும் பழைய காலத்து வைரஸ் மாதிரி திரையில் எழுத்து ஓடவிட்டு விளையாடுவது அல்ல. சத்தமே இல்லாமல் பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கியைத் திருடினால் பல தளங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் என்று நினைத்து அந்தத் தளம் விட்டுவிடும். சிலருடைய ஜிமெயிலோ இன்ஸ்டாகிராமோ ஓடிபி எதையும் யாருக்கும் சொல்லாமலே பறிபோவதற்கு இது ஒரு காரணம்.

எக்ஸ்க்ளூஷன்ஸில் நீங்கள் சேர்க்காத எதையாவது பார்த்தால் அதை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அதே பக்கத்தில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும், அதையும் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும் முறை அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ள அங்கே வழி குறைவு. பாஸ்வேர்டுகளை மாற்றுவது முக்கியம். ஆனால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், வேறொரு சுத்தமான சாதனத்தில் மாற்றுங்கள். எல்லா இடத்திலிருந்தும் லாக் அவுட் செய்யும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். விண்டோஸே கிராக் என்றால் என் யோசனை ஒன்றுதான். ஃபைல்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். கடிதமும் கணக்கும் போட லிப்ரே ஆஃபீஸ் இலவசம், தமிழிலும் வேலை செய்யும். பள்ளிப் பிள்ளைக்கு அது தாராளம்.

அடுத்து எல்லோரும் கேட்பது, “எந்த ஆண்டிவைரஸ் வாங்கலாம்?”

விண்டோஸ் 8 வந்த 2012 முதலே டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் அது சுமார்தான். இப்போது ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சுயேச்சையான சோதனைக் கூடங்களில் காசு கொடுத்து வாங்கும் பெயர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. நம் சென்னையிலேயே 1991இல் கேசவர்தனன் தொடங்கிய கே7 இருக்கிறது, புனேயில் பிறந்த க்விக் ஹீல் இருக்கிறது. பிள்ளைகள் என்ன தளம் பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த வேண்டும், பிரச்சினை வந்தால் போன் செய்து கேட்க ஆள் வேண்டும் என்றால் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் வாங்கியதை வருடா வருடம் ரின்யூ செய்ய வேண்டும். லேப்டாப்போடு வந்த சோதனைக் காலம் முடிந்து, “உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது” என்று கெஞ்சிக்கொண்டே இருக்கும் ஆண்டிவைரஸை அப்படியே விட்டுவைத்திருக்கும் வீடுகள் அதிகம். ரின்யூ செய்யப் போவதில்லை என்றால் அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிஃபெண்டர் தானே எழுந்து வேலைக்கு வந்துவிடும். இரண்டு ஆண்டிவைரஸை ஒன்றாக ஓடவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டும் முட்டிக்கொள்ளும், கம்ப்யூட்டர் தவழும்.

‘இலவசம்’ என்பதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அவாஸ்ட்டின் இலவச ஆண்டிவைரஸ் கோடிக்கணக்கான பேர் நம்பிப் போட்டது. பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக அது விற்றுக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் 2020இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஆண்டிவைரஸ் நம் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு ஃபைலையும் தொடக்கூடிய மென்பொருள். அவ்வளவு ஆழத்தில் உட்காரும் ஒன்றை யார் செய்கிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் போடக் கூடாது.

எந்த ஆண்டிவைரஸாலும் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. இது குறை சொல்வதற்காகச் சொல்வதல்ல, கணிதமாகவே நிரூபிக்கப்பட்ட விஷயம். எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1984இலேயே காட்டிவிட்டார். ஆண்டிவைரஸ்கள் செய்வதெல்லாம் ஊகத்தைக் கூர்மையாக்குவதுதான். முன்பே பிடிபட்ட வைரஸின் அடையாளத்தோடு ஒப்பிடும். அடையாளம் புதிதாக இருந்தால் நடத்தையைப் பார்க்கும். ஒரு சாதாரண நிரல் எதற்காக உங்கள் ‘டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள எல்லாப் படத்தையும் வரிசையாகத் திறந்து மாற்றி எழுத வேண்டும் என்று சந்தேகப்படும். சந்தேகம் வந்தால் தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். அப்டேட் எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

ஃபயர்வால் பார்ப்பது வேறு வேலை. அது ஃபைலைப் பார்க்காது, போக்குவரத்தைப் பார்க்கும். நாம் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தட்டுவதைத் தடுக்கும். இது ஏன் தேவைப்பட்டது என்பது 2003 ஆகஸ்டில் தெரிந்தது. அப்போது கேபிள்காரர் கொண்டுவந்த பிராட்பேண்ட் வயர் பல வீடுகளில் நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகப்பட்டது. பிளாஸ்டர் என்ற வார்ம், அதாவது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பரவும் வைரஸ், கிளம்பியது. எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், மெயிலைத் திறக்க வேண்டாம், நெட்டில் இணைந்திருந்தாலே போதும். நெட் போக்குவரத்துக்காகக் கம்ப்யூட்டரில் எண் போட்டு வைத்திருக்கும் வாசல்தான் போர்ட். அதில் 135ஆம் போர்ட் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. பெரும்பாலோர் போடவில்லை. அப்போதைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வாலும் இருந்தது, ஆனால் அணைந்தே இருந்தது. அடுத்த ஆண்டு, 2004 ஆகஸ்டில், சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்தபோதுதான் அது தானாகவே இயங்கும்படி செய்தார்கள்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோதும் இதே கதை. அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. 445ஆம் போர்ட் திறந்து கிடந்த, அப்டேட் போடாத கம்ப்யூட்டர்களைத் தேடித் தேடிப் பிடித்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது.

இப்போது வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷனோடு வரும் ரவுட்டரே ஒரு தடுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரவுட்டர்தான் தெரியும், பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரும் டிவியும் தெரியாது. அதனால் வீட்டுக்குள் இருக்கும்வரை நிம்மதி கொஞ்சம் அதிகம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போதுதான் விண்டோஸ் ஃபயர்வாலின் அருமை தெரியும். கோட்டூர்புரம் நூலகத்தில் உட்காருகிறோம், ஓஎம்ஆரில் பிஜி விடுதியில் முப்பது நாற்பது பேரோடு ஒரே வைஃபையில் இருக்கிறோம். அங்கெல்லாம் பக்கத்து அறையின் வைரஸ் பிடித்த லேப்டாப்பும் நம்மோடு ஒரே வலையில் இருக்கிறது. புது வைஃபையில் இணைந்ததும் அது ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிரைவேட்’ என்று வைத்தால் நம் கம்ப்யூட்டர் மற்றவர்கள் கண்ணில் படும். சொந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அது வேண்டாம்.

ரவுட்டரைப் பற்றி இன்னொன்று. இணைப்பு கொடுக்க வருபவர் வைஃபை பாஸ்வேர்டாக நம் போன் நம்பரையே போட்டுவிட்டுப் போவார். அதை மட்டுமல்ல, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பல ரவுட்டர்களின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே அது அச்சாகியிருக்கும். அபார்ட்மெண்ட் சங்கங்கள் வைக்கும் சிசிடிவி பெட்டிக்கும் இதே விதிதான். 2016இல் மிராய் என்ற கெடுதல் மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. “போன்ல இருந்தே கேமரா பாக்கலாம்” என்று சொல்லி, இன்ஸ்டால் செய்ய வருபவர் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போகிறாரா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் நான் கேட்டேன். திறந்துதான் இருந்தது, மூடச் சொன்னோம்.

இவ்வளவும் சரியாக இருக்கும் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நங்கநல்லூரில் என் பெரியப்பா வீடு. ரிட்டையர் ஆனவர், கம்ப்யூட்டரில் பென்ஷன் கணக்கு, ஷேர் எல்லாம் தானே பார்த்துக்கொள்வார். டிஃபெண்டர் சரியாக இருந்தது, ஃபயர்வால் இருந்தது, அப்டேட்டும் இருந்தது. ஒருநாள் ஏதோ ஒரு செய்தித் தளத்தில் இருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாக, அலாரம் சத்தத்தோடு, ‘உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வந்திருக்கிறது. அழைத்திருக்கிறார். எதிர்முனையில் மரியாதையான குரல், சார் சார் என்று. தொலைவிலிருந்து சரிசெய்ய உதவும் ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி, திரையில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் “பேங்க் அக்கவுண்ட் பத்திரமா இருக்கான்னு லாகின் பண்ணிப் பாருங்க சார்” என்றதும் திரை கறுப்பாகிவிட்டது. பெரியம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் யாரோ முகம் தெரியாதவன் இவ்வளவு நேரம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறானே என்று சந்தேகம். நேரே போய் மோடம் சுவிட்சை அணைத்துவிட்டார். பணம் போகவில்லை.

அன்று மாலை நான் போனபோது பெரியப்பா கேட்ட கேள்வியை இன்றும் யோசிக்கிறேன். “ஏம்மா, ஆண்டிவைரஸ் இருக்கு, ஃபயர்வால் இருக்குன்னு நீதான சொன்ன? அது ஏன் தடுக்கல?”

நியாயமான கேள்வி. பொறுமையாகத்தான் விளக்கினேன். “பெரியப்பா, அவன் இறக்கச் சொன்னது வைரஸ் இல்ல, ஆபீஸ்ல எல்லாரும் நெஜமாவே யூஸ் பண்ற சாஃப்ட்வேர். அதனால ஆண்டிவைரஸ் ஒண்ணும் சொல்லல. ஃபயர்வால் வெளியில இருந்து தட்டறவனத்தான் நிறுத்தும். இது உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய போன கனெக்‌ஷன். நீங்க கூப்பிட்டீங்க, அவன் பதில் சொன்னான்னுதான் அதுக்குத் தெரியும்.” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப நான்தான் தொறந்து விட்டேனா?” என்றார். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த வேலையைச் செய்பவர்கள் அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள். பயத்தையும் அவசரத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒன்றுதான். வெட்கப்பட்டு மறைத்தால்தான் ஆபத்து பெரிதாகும்.

‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைத் தொடர்புகொள்ளவும்’ என்று நம் ஊரில் பலருக்கு வந்த குறுஞ்செய்தியும் இதே வகை. கிராக் போடச் சொல்பவன், சிவப்புத் திரையில் எண் கொடுப்பவன், ஈபி என்று சொல்லிக்கொள்பவன் மூவரும் சுவரை உடைப்பதே இல்லை. வீட்டிலிருப்பவர் கையாலேயே திறக்கவைக்கிறார்கள். அதனால் நான் எல்லா வீட்டிலும் ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்பை அணைக்கச் சொல்பவரோ, எதையாவது உடனே இறக்கச் சொல்பவரோ யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் எச்சரிக்கைத் திரையில் போன் நம்பர் கொடுக்காது. அப்படி வந்தால் எஃப்11 அல்லது எஸ்கேப்பை அழுத்திப் பாருங்கள். போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அதுவும் வராவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

பென் டிரைவ் இன்னொரு வழி. ஜெராக்ஸ் கடையில் பிராஜெக்ட் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பிள்ளைகள் பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பதற வேண்டாம். உண்மையான ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென் டிரைவில் மறைத்துவைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாமல், முதலில் ஸ்கேன் செய்து, அப்புறம் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்தால் திரும்பக் கிடைக்கும். பிரிண்ட் எடுக்க மட்டும் என்று ஒரு சின்ன பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அதில் அன்றைக்குத் தேவையான பிடிஎஃப் தவிர வேறெதுவும் வேண்டாம். ஃபைலின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கிறது, அதைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் மாதிரி வந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகத் தோன்றியது. கடைசி எழுத்துகள் தெரிந்திருந்தால் அது நிரல் என்று புரிந்திருக்கும்.

எல்லாம் தாண்டி ஏதாவது உள்ளே வந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை பேக்கப்தான் முடிவு செய்யும். ரான்சம்வேர் பூட்டிய ஃபைலைப் பெரும்பாலும் திறக்க முடியாது. பணம் கட்டினாலும் உத்தரவாதம் இல்லை. வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு அதைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டரும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் மூழ்கின. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டியின் அறுபதாம் கல்யாணப் படங்கள் முழுவதும் அப்படிப் போயின. எந்த ஆண்டிவைரஸும் அதைத் தடுத்திருக்காது. என் நகல் ஒன்று திருச்சியில் தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவேன். முடிந்தவர்கள் கிளவுடிலும் வைக்கலாம்.

கடைசியாகப் பழைய கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு அதற்குப் பிறகும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தர வழி வைத்திருக்கிறார்கள். அதையாவது உடனே செய்துவிடுங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற சிப் வசதி வேண்டும் என்பதால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய கம்ப்யூட்டர்கள் அதை ஏற்காது. அதற்காக நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வருவதில்லை. பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுத் தருகிறேன், வயதானவர்கள்கூட ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 7இல்தான் தன் பழைய டாலி கணக்கு மென்பொருள் ஓடும் என்று பிடிவாதமாக இருக்கும் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வயரைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். கணக்கு அதில் நடக்கட்டும், ஜிஎஸ்டி தாக்கல் செய்வதை வேறு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். “சரிம்மா, ஆனா ஆடிட்டர் பையன் பென் டிரைவ் கொண்டாருவானே” என்றார். அது நல்ல கேள்வி. அந்தப் பென் டிரைவ் முதலில் நெட் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஆகிவிட்டுத்தான் டாலி கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.